வரி மேசைக்கு வந்த கட்டாக் கருவாடு

1

சிலாவத்துறைக் கரையில், கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் முதுகில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். காற்று தாளைப் பறிக்கிறது. ஒரு செருப்பைக் கழற்றித் தாளின் மேல் வைத்திருக்கிறேன். மற்றச் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. மாரி மழை விடியவே கொட்டித் தீர்த்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் போய்விட்டது. கடல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல மினுங்குகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. வருத்தமில்லை, சந்தோசம். ஐம்பது தாண்டிய ஒரு பொம்பிளை இப்படிக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு கடற்கரையில் இருக்கலாமா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல இருக்கிறது.

காரணம் இல்லாமலும் இல்லை. அந்தா, கரைவலை வந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள். தெற்குப் பக்கக் கயிற்றில் கடைசி ஆளாக, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இழுக்கிறாரா தொங்குகிறாரா என்று சொல்ல முடியாதபடி ஒருவர் நிற்கிறார் பாருங்கள், அவர்தான் என் வீட்டுக்காரர் ஹனீபா. இதே கரையில் பிறந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேல் ரொறன்ரோவில் தபால் பிரிக்கும் நிலையத்தில் நின்றவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று இன்றோடு ஒரு வருடம். கழுத்தில் நீலப் பட்டியில் ஓர் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவில் ஒரு சமூக மண்டபத்தில் வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டர் என்று அதில் எழுதியிருக்கிறது. சிலாவத்துறைக் கடலுக்கு அந்த அட்டையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. கழற்றச் சொன்னால் கழற்றமாட்டார். ஏன் கழற்றமாட்டார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னம் ஒன்று. ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வலை கரையேறி, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரிக்க முன்னம், கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் கறிக்கு ஒரு பிடி மீன் போகும். வேலையாளோ, வழியில் போனவரோ, கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்து சும்மா ஆசைக்கு இழுத்துப் பார்த்தவரோ, வித்தியாசம் இல்லை. வெறுங்கையோடு விடமாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் அதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுக்கமாட்டார்கள். கொடுத்தவனுக்கு முகம் கறுத்துவிடும். இந்தப் பழக்கத்தை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி வரும்போது தேவைப்படும்.

2

ஓய்வு எங்கள் வீட்டுக்குப் பனியோடு சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை நிலையத்தில் கேக் வெட்டி, ஒரு சுவர் மணிக்கூடும் கொடுத்து அனுப்பினார்கள். இனி நேரம் பார்க்கத் தேவையில்லாத ஒருவருக்கு மணிக்கூடு கொடுக்கும் வழக்கத்தை யார்தான் தொடங்கிவைத்தார்களோ.

திங்கட்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு, வழமைபோலத் தேநீரைப் போத்தலில் ஊற்றி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் யன்னலால் பார்த்தேன். காரின் மேலிருந்த பனியைத் தட்டினார். உள்ளே ஏறி இருந்தார். போகவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன?"

"கார் ஸ்ரார்ட் ஆகுதோ எண்டு பாத்தனான்."

செவ்வாய்க்கிழமையும் பார்த்தார். புதன்கிழமையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு என் குசினிக்குள் வந்தார். மன்னார் பஸ் நிலையத்தில் கழுதைகள் நிற்குமே, கோபமும் இல்லாமல், போகிற எண்ணமும் இல்லாமல், எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு, அப்படி அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில் நின்றார். நான் வேலைக்குப் போய்வந்த ஒரு நாளில் தூள் போத்தல்கள் எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்கிவைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, சீரகத்தைக் காணேல்லை!"

"இங்கிலிசுப் பேரில தேடு."

அந்தக் கிழமைதான் எங்கள் மகள் ரிஸ்னா, தன்னுடைய பாதித் தமிழில், புத்தளத்தில் இருக்கிற மாமிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். "வாப்பா ஓய்வுபெற்றுவிட்டார்" என்று சொல்ல நினைத்து, "மாமி, வாப்பா ஓய்ஞ்சு போயிட்டார்" என்றிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு அலறல். அரை மணித்தியாலத்துக்குள் புத்தளத்திலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் பரிஸிலிருந்தும் அழைப்புகள். ஒவ்வொன்றையும் எடுத்தவர் மவுத்தானவரேதான்.

"ஓம், ஹனீபாதான் கதைக்கிறன். இல்லை மச்சான், இன்னும் அடக்கேல்லை."

அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்த பிறகு அவர் கதிரையின் நுனியில் இருந்த விதத்தைப் பார்த்தேன். விருந்துக்குப் போன வீட்டில் இருக்கிறவர்போல, எப்போது எழும்பச் சொல்வார்களோ என்று இருந்தார். சொந்த வீட்டில் அப்படி இருந்தார். மாமியின் அலறலில் ஏதோ உண்மை இருக்கிறதோ என்று எனக்குத் திக்கென்றது. உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஆள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தார், மூடிவைக்காத உப்புப் போல.

ரிஸ்னா யோசனைகளோடு வந்தாள். பந்தடி. கப்பற் பயணம். பனி உருகினால் தோட்டம். "வாப்பா, பறவை பாருங்கோவன். இங்க ரிற்றயர் ஆன எல்லாரும் பாக்கினம்."

"பூநாரை கூட்டம் கூட்டமா எங்கட வீட்டுக்குப் பின்னால நிண்டது மகள். அப்ப ஒருத்தரும் எனக்குப் பைனாகுலர் தரேல்லை."

3

ஆனால் மாசி மாதம் வந்தால் அவர் வேறு ஆள்.

மாசியில்தான் தபால்பெட்டிக்குள் வரித் துண்டுகள் விழத் தொடங்கும்: போன வருடம் இவ்வளவு உழைத்தாய், இவ்வளவு கழித்தோம், இந்தா அத்தாட்சி என்று. சித்திரைக் கடைசிக்குள் எல்லாரும் கணக்குக் கொடுத்துவிட வேண்டும். அயலவர்கள் அந்தத் துண்டுகளைக் கண்டால் பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். இவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, புது விரிப்பு விரித்து, ஒவ்வொன்றாக வைப்பார். செய்தி வாசிக்கிற குரலில் உரத்து வாசிப்பார். ரிஸ்னா அதற்கு வைத்த பெயர் "வாப்பாவின் மூன்றாவது பெருநாள்".

ஏன் இந்தப் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில், முஸ்லிம்கள் என்று எங்கள் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவர் வாலிபன். புத்தளத்து முகாமில் அரிசிக்குப் படிவம், தகரத்துக்குப் படிவம், கிணற்றுக்குப் படிவம். எல்லாவற்றிலும் "நிரந்தர முகவரி" என்று ஒரு கோடு இருக்கும். பேனை அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடும். பிறகு கனடா. முதல் வருட வரிக் கணக்கை யாரையோ பிடித்து நிரப்பி அனுப்பினோம். பல நாட்களுக்குப் பிறகு மண்ணிறக் கடித உறை ஒன்று வந்தது. எங்களை எழும்பச் சொல்லித்தான் அரசாங்கம் எழுதியிருக்கிறது என்று முடிவுகட்டி, இவர் சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி வாசித்துச் சொன்னாள்: "நீங்கள் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள். இது உங்கள் காசு. திருப்பித் தருகிறார்கள்." அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் எங்களைத் தேடிச் சொல்லி அனுப்பி, வெளியே போ என்று சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அந்த உறை இன்றைக்கும் அலுமாரியில் இருக்கிறது.

ஆகவே, எங்கள் பக்கத்துச் சமூக மண்டபத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பத் தொண்டர்கள் தேவை என்ற அறிவித்தலைக் கண்டதும், ஹனீபா அதைச் சுவரிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அடுத்த நாள் கொண்டுபோய் ஒட்டவைத்தேன். கணினியில் பரீட்சை எழுதினார். தோற்றார். மறுபடி எழுதினார். பொலிசில் நற்சான்று எடுக்கவேண்டும் என்றபோது மட்டும் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய மன்னார்க்காரனுக்கே உரிய ஒரு வியர்வை வேர்த்தது. அதுவும் கிடைத்தது. நீலப் பட்டியில் அந்த அட்டை வந்தது. அன்று இரவு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார்.

4

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு போர்த்துக்கேயப் பெண்மணி. வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பெயர் பாத்திமா. என் பெயரும் பாத்திமாதான். எனக்கு நபிகளாரின் மகளின் பெயர், அவருக்கு அவர்கள் நாட்டு மாதா கோவில் ஊரின் பெயர். அவர் எங்களிடம் முதல்நாள் காட்டியது சுவரில் தொங்கிய ஒரு பலகையை: வருபவர்களிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது. காசு, பொருள், உணவு, எதுவும். ஹனீபா அதைத் தொழுகைக்கு நிற்கிறவர்போலக் கைகட்டி நின்று வாசித்தார்.

சனிக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். வரிசையில் நிற்பவர்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்துவது என் வேலை. எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, இரண்டாம் சனிக்கிழமையே மண்டபத்தின் பாதி மன்னார். முருங்கன், பேசாலை, தோட்டவெளி, முசலி. "கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ" என்று இவர் சொல்ல, போர்த்துக்கேயப் பாத்திமா திடுக்கிட்டுத் திரும்பினார். தன் பாசையிலும் கதிரைக்குக் கதிரைதானாம் பெயர். மேசைக்கு மேசைதான். சப்பாத்துக்குச் சப்பாத்துதான். "எங்கட வீட்டுச் சாமான் பாதி இவையின்ர கப்பலில வந்தது" என்றார் இவர் என் காதுக்குள், சிரிக்காமல்.

சவிரிமுத்து அண்ணை வந்தது அங்கேதான். தோட்டவெளிக்காரர். கரைவலையில் வளர்ந்து, ரொறன்ரோ உணவகங்களில் கோப்பை கழுவி முதுமைக்கு வந்தவர். ஒரு பிஸ்கற் தகரம் நிறையக் கடிதங்கள் கொண்டுவந்தார், ஒன்றும் உடைக்கப்படாமல். மனைவி இருக்கும்வரை அவ பார்த்தா. அவ போன பிறகு, தகரத்துக்குள் போடுவதோடு சரி. வரிக் கணக்குக் கொடுக்காததால் முதியோருக்கு வரவேண்டிய கொடுப்பனவு நின்று, வாடகைக்கு முழிக்கிறார். ஹனீபா ஒவ்வொரு உறையாக உடைத்தார். ஒரு சனி, இன்னொரு சனி, அதற்கடுத்த சனியும். விடுபட்ட வருடங்கள் எல்லாம் நிரம்பின.

"எவ்வளவு தம்பி?" என்று சவிரிமுத்து அண்ணை சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"ஒண்டுமில்லை அண்ணை. இலவசம்."

"இலவசமோ? என்னைப் பாத்தாப் பிச்சைக்காரன் மாதிரியோ கிடக்கு?"

"அப்பிடியில்லை அண்ணை. எல்லாருக்கும் இலவசம்."

அண்ணை கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். கடதாசிக்கு மேலாலேயே தெரிந்தது. கட்டாக் கருவாடு. ஊரிலிருந்து யாரோ விமானத்தில் கட்டிக்கொண்டு வந்தது. இங்கே அது கிடைக்கிற பாட்டைப் பார்த்தால் நகைக்கடையில் விற்கலாம். இவர் அதைத் தள்ளினார். அவர் திருப்பித் தள்ளினார்.

"அண்ணை, வாங்கக்கூடாதெண்டு சுவரில எழுதியிருக்கு."

"சுவர் உனக்குச் சொந்தமோ, நான் சொந்தமோ?"

"நீங்கள்தான் அண்ணை. ஆனாச் சுவரும் பாத்துக்கொண்டெல்லே நிக்குது."

சவிரிமுத்து அண்ணை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். முகம் கறுத்திருந்தது. யன்னலோரமாகக் கொஞ்ச நேரம் நின்று பனியைப் பார்த்தார். பிறகு போனார். கை வெறுமையாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். யன்னலுக்குக் கீழேதான் மண்டபத்தைச் சூடாக்கும் இரும்புப் பெட்டி இருந்தது.

5

அடுத்த சனி, நோன்பு காலம். வெளியே குளிர் காதைக் கடித்தது. சூடாக்கியை முழுதாகத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

முதலில் அறிந்தது நான். நோன்பாளியின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. பின்னேரமானால் மூன்று தெருவுக்கு அப்பால் பொரிகிற வெங்காயம் தெரியும். மெதுவாக, மிக மெதுவாக, மண்டபத்துக்குள் மன்னார்க் கடற்கரை வந்து இறங்கியது. மீனவரின் வாடிக் குடிசையும் உப்பும் வெயிலும் காயப்போட்ட பாயும் வந்தன. எனக்கு நாவூறியது. இது பசி மயக்கம் என்று நினைத்து, அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

அப்போது மூலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து நின்று கத்தினார்: "காஸ்! காஸ் கசிகிறது!"

அடுத்த நிமிடம் மணி அலறியது. எல்லோரும் வெளியே ஓடினோம். பனிக்குள் நாங்கள் நின்ற காட்சியை நினைத்தால் இப்போதும் வள்ளத்திலிருந்து விழப்பார்க்கிறேன். கையில் வரித் துண்டுகளோடு மன்னார் மாவட்டம் முழுவதும் தாவாரத்துக் கோழிகள் மாதிரி ஒடுங்கிக்கொண்டு நின்றது. தீயணைப்பு வண்டி சிவப்பாகச் சுழன்றுகொண்டு வந்தது. முகமூடியும் காற்றுக் குடுவையுமாக வீரர்கள் உள்ளே போனார்கள். நான் எங்கள் ஆட்களின் முகங்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரியும், இது என்ன வாசம் என்று. ஒவ்வொருவரும் ஏன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒரு வீரர் வெளியே வந்தார். தடித்த கையுறை போட்ட கையை எட்டுமளவுக்கு நீட்டி, தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை வெடிகுண்டு மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். சவிரிமுத்து அண்ணை கண்ணை மூடினார்.

பின்னால் இரண்டாம் வீரர். அவருடைய கையிலும் ஒரு பொட்டலம். குடை வைக்கும் சாடிக்குள் இருந்ததாம். நெத்தலி.

"ஐயோ மாதாவே," என்றா முருங்கன் அக்கா ஒருத்தி.

பிறகு மூன்றாமவர். அவர் கொண்டுவந்தது இறால் கருவாடு. அது இருந்த இடம், எதையும் வாங்கக்கூடாது என்ற அந்தப் பலகைக்குப் பின்னால்.

தலைமை வீரர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். ஹனீபா முன்னுக்கு வந்தார். அட்டை நெஞ்சில் ஆட, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா, இது காஸ் இல்லை. இது நன்றி. வெயிலில் காயவைத்த நன்றி."

6

போர்த்துக்கேயப் பாத்திமா சிரிக்கவில்லை. யாரோ முறைப்பாடு எழுதிவிட்டார்கள். தொண்டர் ஒருவர் பரிசு வாங்குகிறார் என்று மேலிடத்துக்குப் போய்விட்டது. விசாரித்து முடியும்வரை அட்டையைத் தரும்படி கேட்டார். ஹனீபா கழற்றிக் கொடுத்தார். "மன்னிக்கவேணும்" என்று வேறு சொன்னார், தான் வாங்காத பொருளுக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கை அடிக்கடி நெஞ்சுக்குப் போய் வெறுமையைத் தடவிவிட்டு வந்தது. அன்று நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் ஒன்று, கஞ்சியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை விடிய யன்னலால் பார்த்தேன். காருக்குள் இருந்தார். நோன்பு, தேநீர்கூட இல்லை. பனியைத் தட்டவும் இல்லை. வெள்ளையாய் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய உருவம் மட்டும் தெரிந்தது. நான் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி இருந்தேன்.

"கார் ஸ்ரார்ட் ஆகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார்.

சவிரிமுத்து அண்ணை அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, நான்தான் வைச்சனான். சனிக்கிழமை வந்து அந்த மனிசிட்டைச் சொல்லப்போறன். நீயும் வா. எனக்கு இங்கிலிசு தண்ணியில விழுந்த ரொட்டி."

7

சனிக்கிழமை ஹனீபா வரமாட்டேன் என்றார். "ஆள் இல்லாத மேசையை நான் பாக்கேலாது." நானும் ரிஸ்னாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் காருக்குள் ஏற்றினோம்.

மண்டபத்துக்குள் கதிரைகள் கண்டபடி கிடந்தன. நடுவில் போர்த்துக்கேயப் பாத்திமா. அவருக்கு முன்னால் சவிரிமுத்து அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அரைவாசி மன்னார்.

"அந்தச் சாமான் என்ர," என்றார் அண்ணை. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்க முன்னமே முருங்கன் அக்கா, "நெத்தலி என்ர," என்றா. "இறால் நான் வைச்சது." "என்ரயைப் பிடிக்கேல்லை, அது இன்னும் மேல பெட்டிக்குள்ள கிடக்கு." போர்த்துக்கேயப் பாத்திமா மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த மனிதர் உங்களுக்கு இலவசமாகத்தானே செய்கிறார்? இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?"

நான் சொன்னேன். சவிரிமுத்து அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். தொப்பி கையில் சுழன்றது.

"தங்கச்சி, அவவிட்டைச் சொல்லு. கயிறு பிடிச்சவனுக்குக் கறி குடாமல் நாங்கள் ஒரு நாளும் கரையை விட்டு வந்ததில்லை. இந்தப் பிள்ளை என்ர கயிறைப் பிடிச்சு இழுத்தது. மூண்டு கிழமை இழுத்தது. நான் சும்மா போனா எப்பிடிப் படுப்பன்? வெளிநாடு வந்து எல்லாத்தையும் விட்டிட்டம். இதையும் விடச் சொல்லாதேங்கோ எண்டு சொல்லு."

கயிறு, வலை, சம்மாட்டி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொண்டுவரச் சரியாகக் கஷ்டப்பட்டேன். சொல்லி முடித்தபோது போர்த்துக்கேயப் பாத்திமா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கலாம். சட்டம் சட்டம்தான்," என்றார். பிறகு பொறுமை முறிந்து, "எனக்கு மீன் வேண்டாம்! எனக்குத் தேவை இந்தக் கதிரைகளை அடுக்குவதற்கு ஒரு ஆள். ஒவ்வொரு சனியும் தனியே அடுக்கி என் இடுப்பு போய்விட்டது," என்றார்.

அது எரிச்சலில் வந்த சொல். மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல். ஆனால் வாய் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் அதையும் தமிழில் சொல்லிவிட்டேன்.

சவிரிமுத்து அண்ணை தொப்பியை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றினார். ஒரு கதிரையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தார். முருங்கன் அக்கா இரண்டைத் தூக்கினா. பிறகு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. "ஏலேலோ" போடாத குறை. கதிரைகள் கையிலிருந்து கைக்குப் போயின. ஒருவர் நிலம் துடைக்கிறார். ஒருவர் வாசலில் பனி வழிக்கிறார். மேல் பெட்டிக்குள் இருந்ததை அதன் சொந்தக்காரர் ஏணி வைத்து இறக்குகிறார். வாசலில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சோமாலிக் கிழவியைச் சவிரிமுத்து அண்ணை கையைப் பிடித்து வந்து வரிசையில் இருத்துகிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் கதை ஓயவில்லை. படிவம் முடிந்த ஒவ்வொருவரும் ஒரு சனிக்கிழமை வந்து கைகொடுப்பது என்று, யாரும் கூட்டம் கூட்டாமலே, தீர்மானமாகிவிட்டது.

போர்த்துக்கேயப் பாத்திமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, ஒரு கிழமையாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஹனீபாவிடம் போனார். மேசை லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்தார்.

"நேற்றே பதில் எழுதிவிட்டேன்," என்றார். "இவர் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? இந்த மண்டபம் இப்படி நாறியதுதான் இவருடைய நேர்மைக்குச் சாட்சி என்று எழுதினேன். மேலிடத்துக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை."

நீலப் பட்டி மறுபடி கழுத்தில் விழுந்தது. ரிஸ்னா படம் எடுத்தாள். படத்தில் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை, குளிக்கப் போகும்போது தவிர, அவர் அதைக் கழற்றி நான் பார்க்கவில்லை.

8

சித்திரைக் கடைசி நாள், கடைசிப் படிவமும் போய், கதவு சாத்தி, கதிரை அடுக்கி முடிந்த பிறகு, போர்த்துக்கேயப் பாத்திமா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து ஹனீபாவின் மேசையில் வைத்தார். போர்த்துக்கேயப் பத்திரிகையில் சுற்றியிருந்தது. பிரிக்கத் தேவையில்லை, உப்பு மணந்தது. அவர்கள் ஊரில் காயப்போடுகிற மீன், பலகை மாதிரி விறைப்பாக.

ஹனீபா அனிச்சையாகச் சுவரைப் பார்த்தார். அந்த மனிசி போய்ப் பலகையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்க்கவைத்துவிட்டு வந்தார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். அன்று வீட்டில் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். ரிஸ்னா எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். "வாப்பா, நீங்கள் பறவை பாத்திருந்தா வீடு இப்பிடி மணந்திராது," என்றாள். ஆனால் அடுத்த வருடப் பரீட்சைக்குத் தானும் பெயர் கொடுத்துவிட்டதாக அதே மூச்சில் சொன்னாள்.

இந்தா, வலை கரையேறிவிட்டது. சூடை மீனும் கீரி மீனும் வெள்ளிக்காசு கொட்டினமாதிரித் துடிக்கின்றன. சம்மாட்டி, இவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, இரண்டு பாரை மீனை வாலில் பிடித்துத் தூக்கிக் கொடுக்கிறார். இவர் மறுபேச்சில்லாமல் வாங்குகிறார். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும்.

சம்மாட்டி அந்த அட்டையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்.

"இதென்னடா, பொலிசில சேர்ந்திட்டியோ?"

"வரிப் படிவம் நிரப்பிக் குடுக்கிற ஆள்."

"உண்மையாத்தானோ? டேய், இஞ்ச எல்லாரையும் வரி இலக்கம் எடு எண்டுறாங்கள். வங்கியில கிடக்கிற வட்டியிலயும் வெட்டுறாங்கள். கணக்குக் குடுக்கிறதுக்கு இந்த மாசக் கடைசிதான் தவணை. என்ர கடுதாசி எல்லாம் வாடிக்குள்ள கிடக்கு. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்குதில்லை."

"இந்த ஊர்ச் சட்டம் எனக்குப் புதுசு. வாசிச்சுப் பாத்துத்தான் சொல்லுவன்."

"பாரன்!"

இவர் என் வள்ளத்துக்கு வருகிறார். பாரை மீன்களை என் மடிக்குப் பக்கத்தில் போடுகிறார். கடலில் கையைக் கழுவிவிட்டு வந்து, "கொஞ்சம் அங்கால அரக்கி இரு," என்று என்னைத் தள்ளிவிட்டு உட்காருகிறார். வாடியிலிருந்து கடதாசி வருகிறது. அதற்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு பொம்பிளையள். ஈர மணலில், வலைக்குப் பக்கத்தில், ஒரு வரிசை உண்டாகிறது.

"முதல்லயே கேக்கிறன் ஹனீபா நானா," என்கிறா வரிசையில் நிற்கிற ஒருத்தி. "எவ்வளவு எடுப்பீங்கள்?"

ஹனீபா பழக்கதோசத்தில் தலையை நிமிர்த்திச் சுவரைத் தேடுகிறார். இடப்பக்கம் கடல். வலப்பக்கம் பனை. முன்னாலே வானம். இந்தக் கரையில் சுவர் இல்லை.

கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்து, எழுத்து உள்ளே போகும்படி மெதுவாகத் திருப்பிவிட்டுக் கேட்கிறார்:

"கறிக்கு என்ன இருக்கு தங்கச்சி?"